பொலிகுதிரையும் குலப்பெருமையும்

கிடைத்தற்கரிய பொருளைக் குதிரைக் கொம்பு என்பது நம் வழக்கு. எங்கள் மாங்கேணியிலோ கொம்பில்லாத குதிரையைக் காண்பதே அரிது. ஒருபுறம் கடலும் மறுபுறம் காடும் களப்பும் சூழ்ந்த இவ்வூரில் பசுவுண்டு, எருமையுண்டு, ஆடுண்டு, புரவி இல்லை. ஆயினும் இவ்வாரம் புரவியைப் பற்றி, அதிலும் இனவிருத்திக்கென வளர்க்கப்படும் பொலிகுதிரையைப் பற்றி எழுத முற்படுகின்றேன். குதிரையை முன்னிட்டு மனிதரைப் பற்றிச் சில சொல்லலாம் என்பதே காரணம்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை விரித்ததும் நம் இல்லங்களிற் பலர் முதலில் நாடுவது மணமகன் தேவை, மணமகள் தேவை என்னும் பகுதியையே. குலம், சமயம், உயரம், நிறம், கல்வி, உத்தியோகம், நட்சத்திரம் என வரிசையாக அங்கே எழுதப்பட்டிருக்கும். குதிரைப் பண்ணைகள் ஆண்டுதோறும் வெளியிடும் விளம்பரங்களும் ஏறக்குறைய இவ்வாறே அமைந்துள்ளன. பொலிகுதிரையின் பெயர், தந்தையின் பெயர், தாயின் பெயர், தாயைப் பெற்ற தந்தையின் பெயர், உயரம், நிறம், ஓடிய பந்தயங்கள், வென்ற பரிசுகள் எல்லாம் ஒழுங்காக இடம்பெறும். முடிவில் கட்டணம் குறிக்கப்படும். பிறந்த குட்டி எழுந்து நின்று தாயிடம் பால் குடித்தாலன்றிக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்ற நிபந்தனையும் பெரும்பாலும் உண்டு. இவ்வளவு தெளிவான உறுதிமொழியை நம் கலியாணத் தரகர் எவரும் தந்ததாக நான் கேள்வியுற்றதில்லை!

மூன்று குதிரைகளின் வமிசம்

பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தரோபிரெட் என்னும் குதிரையினம் இங்கிலாந்திலே தோன்றியது. உலகெங்கும் இன்று ஓடும் இவ்வினக் குதிரைகள் அனைத்தும் தந்தை வழியில் மூன்றே மூன்று குதிரைகளிடம் சென்று முடிகின்றன. பயர்லி என்ற படைத்தலைவன் 1690 ஆம் ஆண்டு அயர்லாந்துப் போரிலே ஊர்ந்து சென்ற துருக்கிக் குதிரை ஒன்று. தோமஸ் டார்லி என்ற வணிகர் சிரியாவின் அலெப்போ நகரில் வாங்கி 1704 ஆம் ஆண்டு தம் ஊருக்கு அனுப்பிய அராபியக் குதிரை மற்றொன்று. கொடொல்பின் பிரபுவிடம் இருந்து 1753 இல் இறந்த குதிரை மூன்றாவது. இம்மூன்றனுள்ளும் டார்லியின் குதிரை வழி வந்தவையே இன்று மிகப் பெரும்பான்மையாக விளங்குகின்றன.

இவற்றின் வமிசாவளியை ஏட்டிலே பதியும் வழக்கம் 1791 ஆம் ஆண்டு இலண்டனிலே வெளியான ஒரு நூலுடன் நிலைபெற்றது. தாயும் தந்தையும் ஏட்டில் இல்லாத குதிரை எத்துணை விரைவாக ஓடினும் இவ்வினத்தைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படுவதில்லை. இன்னுமொரு விதி நம்மவர்க்கு வியப்பளிக்கும். எங்கள் பகுதியிலே பசுவைச் சினைப்படுத்த வேண்டுமாயின் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லியனுப்பினாற் போதும். காளை வராமலே காரியம் முடிந்துவிடும். தரோபிரெட் குதிரைக்கோ செயற்கை முறைச் சினைப்படுத்தல் முற்றாக விலக்கப்பட்டுள்ளது. பெண்குதிரையைப் பொலிகுதிரை நிற்கும் பண்ணைக்குக் கொண்டுசெல்லவே வேண்டும். பதினொரு மாதம் சென்று குட்டி பிறக்கும். வட கோளத்தில் எம்மாதம் பிறந்த குட்டிக்கும் ஜனவரி முதலாந் திகதியே பிறந்தநாள். தென் கோளத்தில் பெரும்பாலும் ஆகஸ்ட் முதலாந் திகதி. ஆகவே ஆண்டின் தொடக்கத்தில் பிறந்த குட்டி, பிந்திப் பிறந்த குட்டியை விட நான்கைந்து மாதம் மூத்ததாய் இருந்தும் அதனுடன் ஒரே வயதுப் பந்தயத்தில் ஓடும். ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் வளர்ச்சியிலும் இத்தகைய வேறுபாடு உண்டு என்பதைப் பெற்றோர் நினைவிற் கொள்ளுதல் நன்று.

விலையும் விளைவும்

இத்துணைக் கணக்கும் ஏடும் இருந்தும் பலன் கணக்குப்படியே விளைகின்றதா என்பதே நம் கேள்வி.

கனடாவிலே 1961 ஆம் ஆண்டு நொதர்ன் டான்சர் என்னும் குதிரை பிறந்தது. நல்ல வழியில் வந்ததுதான்; ஆயினும் உருவம் சிறிது. ஒரு வயதில் 25,000 டொலருக்கு விற்பனைக்கு வைத்தபோது வாங்குவார் எவருமிலர். விற்கப்படாத அக்குட்டி 1964 ஆம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்டக்கி டேர்பிப் பந்தயத்தை இரண்டே நிமிடத்தில் ஓடி வென்றது. பின்னர் பொலிகுதிரையாக நிறுத்தப்பட்டது. 1980களின் நடுப்பகுதியிலே அதன் கட்டணம் ஒரு தடவைக்குப் பத்து இலட்சம் டொலரை எட்டியது. உருவைக் கண்டு எள்ளியவர்கள் அதன் குட்டிகளை வாங்கப் பணப்பையோடு காத்து நின்றனர்.

இனி மறுபக்கத்தையும் காண்போம். அந்த நொதர்ன் டான்சரின் மகனான ஸ்னாபி டான்சர் என்னும் குட்டியை 1983 ஆம் ஆண்டு ஏலத்தில் ஒரு கோடியே இரண்டு இலட்சம் டொலர் கொடுத்து வாங்கினர். அது ஒரு பந்தயத்திலேனும் ஓடியதில்லை. பொலிக்கு விட்டபோதும் நான்கு குட்டிகளுக்கு மேல் ஈனச் செய்யவில்லை. 2006 ஆம் ஆண்டு கிறீன் மங்கி என்னும் இரண்டு வயதுக் குதிரை ஒரு கோடியே அறுபது இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. மூன்று பந்தயங்களில் ஓடியது, ஒன்றிலேனும் வென்றதில்லை.

இவற்றினும் சுவையானது எக்லிப்ஸ் என்ற குதிரையின் வரலாறு. 1764 ஆம் ஆண்டு சூரிய கிரகணத்தன்று பிறந்தமையால் இப்பெயர் பெற்றது. அதன் தந்தை மார்ஸ்க் என்பது. வளர்த்த பிரபு இறந்ததும் மார்ஸ்க் அற்ப விலைக்குக் கைமாறி நாட்டுப்புறத்திலே மதிப்பாரின்றிக் கிடந்தது. குட்டியையோ இலண்டனின் இறைச்சி வணிகர் ஒருவர் வாங்கி வளர்த்தார். 1769, 1770 ஆகிய ஆண்டுகளில் எக்லிப்ஸ் 18 முறை களம் புகுந்து ஒருமுறையேனும் தோல்வி கண்டதில்லை. உடனே மறக்கப்பட்ட தந்தையைத் தேடிச் சென்றனர். அதன் விலையும் கட்டணமும் பன்மடங்கு உயர்ந்தன. தந்தையின் பெயரால் மகன் விளங்குவது உலகியல்பு. மகனால் தந்தைக்குப் பெயர் வருவதே பெருஞ்சிறப்பு. மக்கட்பேறு என்னும் அதிகாரத்தை வகுத்த வள்ளுவர் கண்ட உண்மை குதிரைச் சந்தையிலும் மெய்யாயிற்று.

பாண்டியன் வாங்கிய பரி

நம் முன்னோர்க்குக் குதிரை புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே கடல்வழி வந்த குதிரைகள் நின்றதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. மாணிக்கவாசகர் வரலாற்றிலும் பாண்டியன் கொடுத்த பொருள் குதிரை வாங்குவதற்கே. அப்பொருள் திருப்பெருந்துறையிலே இறைபணிக்குச் செலவாயிற்று. நரிகள் பரிகளாகிப் பின் மீண்டும் நரிகளாயின என்பதைச் சிறுவரும் அறிவர். இத்திருவிளையாடலுக்குப் பின்னே ஒரு பொருளாதார உண்மையும் மறைந்துள்ளது. பாண்டிநாட்டின் செல்வத்திற் பெரும்பங்கு குதிரைக்காகக் கடல் கடந்து சென்றது என்பதே அது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலே தென்னாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இதனை விரிவாக எழுதியுள்ளார். அரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவான். அவன் உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்குவர். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார். குதிரையைப் பேணத் தெரிந்தவர் அந்நாட்டில் இல்லை. விற்கும் வணிகர் அத்தகையோரை உடனழைத்து வருவதுமில்லை, பிறரை வர விடுவதுமில்லை. குதிரைகள் இறந்தாலன்றோ மறுமுறை வியாபாரம்! பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபும் குதிரைகளுக்கு வறுத்த தானியமும் நெய்யும் பாலும் ஊட்டிய செய்தியைக் குறித்துள்ளார்.

நம் பொருளுக்கு நேராக இயைந்த மற்றொரு செய்தியும் மார்க்கோ போலோவிடம் உண்டு. சிறந்த ஆண்குதிரையையும் சிறந்த பெண்குதிரையையும் அங்கே சேர்த்தாலும் கால் கோணிய, ஏறிச் செலுத்தத் தகாத குட்டியே பிறக்கின்றது என்கிறார் அவர். விதை பாரசீகத்தினது, அராபியாவினது, விலையோ பொன். ஆயினும் ஏற்ற மேய்ச்சலும் ஏற்ற பராமரிப்பும் இல்லாத இடத்திலே உயர்குலப் பிறப்பு ஒன்றுக்கும் உதவவில்லை.

இலங்கையில் இதற்கு மறுதலையான காட்சி ஒன்றுண்டு. நெடுந்தீவிலே போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயத்தின் தூண்கள் இடிபாடுகளாய் நிற்கின்றன. அவற்றைக் கட்டியவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் போகவில்லை. உருவிற் குறுகி மட்டக்குதிரைகளாய், உப்புக்காற்றையும் வெயிலையும் தாங்கி, கிடைத்த புல்லை மேய்ந்து வாழ்கின்றன. கொடுங்கோடையில் நீரின்றி மாண்டவையும் பல. அவற்றின் வமிசாவளி எந்த ஏட்டிலும் இல்லை. எவரும் அவற்றை ஏலத்தில் விலை கூறுவதுமில்லை. எனினும் ஒரு வறண்ட தீவிலே நூற்றாண்டுகளாய் நிலைத்து நிற்பதும் ஒரு வெற்றியே.

தாய்வழியின் தகுதி

பொலிகுதிரையின் புகழைப் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடுவது தாயை. நல்ல பொலிகுதிரை ஒன்று ஒரே பருவத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பெண்குதிரைகளைச் சேரும்; பெண்குதிரையோ ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும். ஆதலால் ஒரு தந்தைக்குப் பிறந்தவற்றையெல்லாம் உடன்பிறப்பாகக் கணக்கிடும் வழக்கம் பந்தய உலகில் இல்லை. ஒரே தாய் வயிற்றிற் பிறந்தவையே சகோதரர் எனப்படும். தந்தை மாத்திரம் ஒன்றாயின் அவ்வுறவு சொல்லப்படுவதில்லை. புரூஸ் லோ என்ற அவுஸ்திரேலியர் பெண்குதிரைகளின் வழிகளையே எண்ணிட்டு வகுத்த நூலொன்று 1895 ஆம் ஆண்டு வெளிவந்தது.

மட்டக்களப்பு மக்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. இப்பகுதியின் குடிமுறை தாய்வழிப்பட்டது. ஒருவர் எக்குடியினர் என்பது தாயைக் கொண்டே அறியப்படும். வயிற்றுவார் என்னும் சொல்லே அதற்குச் சான்று. கோயில் உரிமைகளும் குடிவழியே பகிரப்பட்டு வந்துள்ளன. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்ற பழமொழியும் இதனையே உணர்த்துகின்றது.

மனிதர் பண்ணைக் குதிரையல்லர்

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். குதிரையிலே வழி பார்ப்பது பயன் தருமாயின் மனிதரிலும் பார்த்தால் என்ன என்று கேட்பவர் உண்டு. இக்கேள்வி முன்னரே கேட்கப்பட்டது, விடையும் கிடைத்துவிட்டது. இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்ட்டன் 1883 ஆம் ஆண்டு மனித இனத்தைத் தெரிவு செய்து மேம்படுத்தும் கொள்கைக்குப் பெயரொன்று சூட்டினார். ஐம்பது ஆண்டு கழித்து, 1933 இல், ஜேர்மனியின் நாஜி அரசு அதனைச் சட்டமாக்கியது. ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் பிள்ளை பெறும் ஆற்றலை வலிந்து இழந்தனர். அங்கே தொடங்கிய பாதை கொலைக்கூடங்களில் முடிந்தது.

பந்தயக் குதிரைக்கு ஒரே வேலைதான் உண்டு. குறித்த தூரத்தை விரைந்து கடப்பது. அந்த ஒன்றிலேயே கணக்குப் பொய்க்கின்றது. மனிதனுக்கோ வேலை ஆயிரம். பாடுவோன், உழுவோன், நோய் தீர்ப்போன், நீதி கேட்போன் ஆகிய இவர்களை எந்த அளவுகோல் கொண்டு ஒரே வரிசையில் நிறுத்துவது? மேலும், ஏட்டை மூடி உள்ளிருப்போரிடையே மாத்திரம் கொண்டும் கொடுத்தும் வந்தால் இனம் தூய்மையாகும் என்று எண்ணினர் குதிரை வளர்ப்போர். இன்று நெருங்கிய இரத்தக் கலப்பு மிகுந்துவிட்டது என்று அறிவியலாளர் கவலை கொள்கின்றனர். ஒரு பொலிகுதிரை ஆண்டுக்கு 140 பெண்குதிரைகளுக்கு மேல் சேரலாகாது என்று 2020 ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிவகம் விதி செய்தது. பண்ணைக்காரர் எதிர்க்கவே 2022 இல் அவ்விதி கைவிடப்பட்டது. சாதியின் வேலிக்குள்ளே மணமக்களைத் தேடி, அதற்கு அப்பால் நின்ற நல்ல பிள்ளையை விலக்கிவிடும் நம் குடும்பங்கள் இதனைச் சற்றே சிந்தித்தல் வேண்டும்.

பண்ணையிலிருந்து பிறந்த மருந்து

பந்தயத்தில் தோற்ற குதிரை எதற்கும் உதவாதது என்பார்க்கு விடையாக ஒரு வரலாறு பூனா நகரிலே உண்டு. பூனாவாலா குடும்பத்தினர் 1946 ஆம் ஆண்டு அங்கே பந்தயக் குதிரைப் பண்ணை ஒன்றை நிறுவினர். ஓடி ஓய்ந்த குதிரைகளைப் பம்பாயின் ஹாப்கின் நிறுவனத்துக்குக் கொடுப்பது வழக்கம். அங்கே அக்குதிரைகளின் இரத்தத்திலிருந்து நோய் முறிக்கும் சீரம் எடுக்கப்பட்டது. குதிரையைக் கொடுப்பானேன், சீரத்தை நாமே தயாரித்தாலென்ன என்ற எண்ணம் சைரஸ் பூனாவாலாவுக்கு உதித்தது. 1966 ஆம் ஆண்டு சீரம் நிறுவனம் தோன்றியது. ஏற்பு நோய்க்கான முறிமருந்தில் தொடங்கிய அந்நிறுவனம் காலப்போக்கில் எண்ணிக்கையில் உலகிலேயே மிகுதியான தடுப்பூசிகளைத் தயாரிப்பதாக வளர்ந்தது. கொரோனாப் பெருந்தொற்றின்போது 2021 ஆம் ஆண்டு ஜனவரி 28 ஆந் திகதி இந்தியா இலங்கைக்கு அன்பளிப்பாக அனுப்பிய முதல் ஐந்து இலட்சம் தடுப்பூசிகள் அந்நிறுவனத்திலே தயாரானவையே.

குதிரைச் சீரத்தின் கதை இன்னும் பழையது. ஜேர்மனியின் பேரிங், ஜப்பானியரான கிட்டசாட்டோ ஆகிய இருவரும் 1890 ஆம் ஆண்டு சீர மருத்துவத்தின் அடிப்படையைக் கண்டனர். பேரிங்குக்கு 1901 இல் மருத்துவத்துக்கான முதலாவது நொபெல் பரிசு கிடைத்தது. தொண்டைக்கரப்பான் என்னும் கொடிய நோயிலிருந்து எண்ணற்ற குழந்தைகளைக் காத்தது குதிரையின் இரத்தமே.

எங்கள் பகுதியினர்க்கு இது ஏட்டுச் செய்தியன்று. வயலிலும் சேனையிலும் காலை மாலை நடப்போர்க்குப் பாம்பு அயல்வீட்டுக்காரன் போன்றது. 2012, 2013 ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுதும் வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வொன்று, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக் கடிக்கு ஆளாகின்றனர் என்றும் 400க்கு மேற்பட்டோர் இறக்கின்றனர் என்றும் கணித்தது. அரசாங்க மருத்துவமனைகளிலே ஏற்றப்படும் நஞ்சுமுறி மருந்து இந்தியாவிலிருந்து வருவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்துவர். மாதக்கணக்கில் அதன் உடல் நஞ்சை எதிர்க்கப் பழகும். பின்னர் இரத்தம் எடுத்து, அதிலுள்ள எதிர்ப்புப் பொருளைப் பிரித்துத் தூய்மை செய்து குப்பியில் அடைப்பர். நஞ்சின் பெரும்பகுதியைத் திரட்டிக் கொடுப்பவர்கள் சென்னைக்கு அருகே 1978 ஆம் ஆண்டு தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர். தலைமுறை தலைமுறையாகச் சமூகத்தின் ஓரத்திலே தள்ளி வைக்கப்பட்ட பழங்குடியினர் அவர்கள்.

இம்மருந்திலும் குறையுண்டு. சிங்களத்திலே குனகட்டுவா எனப்படும் சிறு விரியனின் நஞ்சை அது முறிப்பதில்லை. இந்நாட்டுப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டே மருந்து செய்தல் வேண்டும் என்று நம் மருத்துவர் வற்புறுத்துகின்றனர். சீரத்துக்காக வளர்க்கப்படும் குதிரைகளின் பராமரிப்பிலே குறைகள் உள்ளன என்று விலங்குநல அமைப்பினர் சுட்டியதையும் மறைக்கலாகாது. நமக்கு உயிர் கொடுக்கும் உயிருக்கு நல்ல புல்லும் நிழலும் கொடுப்பது கருணை மாத்திரமன்று, கடமையுமாகும்.

நஞ்சேறிய உழவனின் உடலில் அம்மருந்து இறங்கும்போது, அதைக் கொடுத்த குதிரையின் தந்தை யார், தாய் யார் என்று எவரும் வினவுவதில்லை. நஞ்சைத் திரட்டிய கையின் குலமும் கேட்கப்படுவதில்லை. அவ்வேளையிலே கேட்கப்படுவது ஒன்றே: உயிர் பிழைக்குமா?

மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலர் புகழ்பெற்ற பெற்றோரின் பிள்ளைகள். அப்புகழ் ஏறிச் செல்லும் வாகனமாகாமல் முதுகிலேற்றிய சுமையாகிவிட்டால் ஸ்னாபி டான்சரின் நிலைதான். வேறு சிலர் இன்னார் மகன் என்று சொல்லிக்கொள்ளப் பெரியதொரு பெயர் இல்லாதவர்கள். மார்ஸ்கின் பெயரை உலகறியச் செய்தது அதன் மகனின் கால்களே என்பதை நீங்கள் மறவாதீர்கள். பெற்றோர்களே, ஓராண்டுப் பரீட்சைப் பெறுபேற்றைக் கண்டு பிள்ளையை மதிப்பிட்டுவிடாதீர்கள். இருபத்தையாயிரம் டொலருக்கு வேண்டாம் என்று தள்ளியவர்களும் குதிரை நூல் நன்கு கற்றவர்களே.

குதிரைக்கு வழியெழுதும் ஏட்டிலே பிறந்த கதை முன்பக்கத்திலும் ஓடிய கதை பின்பக்கத்திலும் இருக்கும். மனிதனுக்கு முன்பக்கத்தை எழுதுவோர் பிறர். பின்பக்கத்தை அவனே எழுதல் வேண்டும். பிள்ளைகள் அப்பக்கத்தை எழுதும் மட்டும் அவர்களுக்கு நல்ல மேய்ச்சலும் தக்க பராமரிப்பும் கொடுப்பதே நம் வேலை.